வெள்ளிப் பதக்கமும் வாத்தியக்காரனும்
விக்டோரியா காலப் பிரித்தானியப் படை பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

போர்களின் வரலாறு பெரும்பாலும் தளபதிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆணையிட்டவனுக்குச் சிலையும், ஆணைக்குப் பணிந்து மடிந்தவனுக்கு இறந்தோர் தொகையில் ஓர் இலக்கமும் கிடைப்பதே வழமை. இவ்வழமைக்குப் புறனடை போலத் தோன்றுவது பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரித்தானியப் படையின் போர்ப் பதக்கமாகும். வெள்ளியாலான அப்பதக்கத்தின் விளிம்பிலே, அதனைப் பெற்ற சாதாரண போர்வீரனின் இலக்கமும் தரமும் பெயரும் படையணியும் பொறிக்கப்பட்டிருக்கும். தளபதிக்குக் கிடைத்த அதே வட்டத் தகடு, கூலிக்காரனின் மகனுக்கும் அநாதை விடுதிச் சிறுவனுக்கும் கிடைத்தது. கல்லறையிலே பெயர் பொறிக்கப்படாத பலரின் பெயர் இவ்விளிம்பில் மட்டுமே எஞ்சியுள்ளது.

ஆயின் இப்பதக்கம் எதனைச் சொல்கிறது, எதனைச் சொல்லாது விடுகிறது என்ற வினா எழுகின்றது. இவ்வினாவுக்கு விடை காணும் பொருட்டு, படையினருள்ளும் பெரிதும் கவனிக்கப்படாத ஒரு பிரிவினரை நாம் தெரிந்துகொள்கிறோம். அவர்கள் படையணிகளின் பாண்ட் வாத்தியக் குழுவினர். 1877 முதல் 1879 வரை தென்னாபிரிக்காவில் நடைபெற்ற போர்களில் ஈடுபட்ட 24ஆம் காலாட் படையணியின் வாத்தியக் குழுவை நமது பிரதான உதாரணமாகக் கொள்வோம்.

1. வாத்தியக் குழுவின் தோற்றமும் அமைப்பும்

படையிலே இசை இரு வகையாக இயங்கிற்று. முரசறைவோர், ஊதுகொம்பு ஊதுவோர் ஆகியோர் ஒரு வகையினர். விழித்தெழுதல், அணிவகுத்தல், முன்னேறல், பின்வாங்கல் ஆகிய கட்டளைகளை ஒலிக்குறிகளாக மாற்றிப் படையினருக்கு அறிவிப்பது இவர்கள் கடமை. குரல் எட்டாத களத்தில் இவர்களே தளபதியின் நாவாக விளங்கினர். சவுக்கடித் தண்டனையை நிறைவேற்றும் பொறுப்பும் முரசறைவோர் மீதே சுமத்தப்பட்டிருந்தது. சக போர்வீரனின் முதுகில் அடிக்கும் இவ்விழிபணி, சவுக்கடி முற்றாக ஒழிக்கப்பட்ட 1881ஆம் ஆண்டு வரை பெயரளவிலேனும் நீடித்தது.

மற்றைய வகையினரே நாம் இங்கு எடுத்துக்கொண்ட வாத்தியக் குழுவினர். கிளாரினெட், புல்லாங்குழல், கோர்னெட், யூபோனியம் முதலிய கருவிகளை இசைத்த இவர்கள் ஒரு படையணிக்கு ஏறத்தாழ இருபது பேராக இருந்தனர். பெருமுரசும் கைத்தாளமும் பதினெட்டாம் நூற்றாண்டில் துருக்கியப் படையிசையைப் பின்பற்றி ஐரோப்பியப் படைகளுட் புகுந்தவை. ஐரோப்பிய வல்லரசின் கம்பீரத்தைப் பறைசாற்றிய ஒலியின் ஒரு பகுதி, கீழைத்தேயத்திடமிருந்து கடன் பெற்றதே என்பது மனங்கொள்ளத் தக்கது.

வாத்தியக் குழுவின் செலவை அரசு முழுமையாக ஏற்றிருக்கவில்லை. கருவிகள், இசைத் தாள்கள், ஆடம்பரமான சீருடைகள், குழுத் தலைவரின் ஊதியம் ஆகியவற்றின் பெரும்பகுதியை அதிகாரிகள் தமது சம்பளத்திலிருந்து செலுத்திய சந்தாவே தாங்கிற்று. எனவே வாத்தியக் குழு அரசின் படைக்குள் இருந்த போதிலும், நடைமுறையில் அதிகாரிகளின் சொத்தாகவே கருதப்பட்டது. அவர்களின் இராப்போசனத்திலும் நடன விருந்திலும் இசைப்பது அதன் முக்கிய கடமையாயிற்று. படையணிகளுக்கிடையே நிலவிய போட்டியில், எவரது வாத்தியக் குழு சிறந்தது என்பது மதிப்புக்குரிய விடயமாக இருந்தது.

இந்நிலையில் குழுத் தலைவர்களாக ஜேர்மனியரும் இத்தாலியரும் கூலிக்கு அமர்த்தப்பட்டனர். அவர்கள் குடிமக்கள், படைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவரல்லர். ஆதலின் 1854இல் கிரைமியப் போர் மூண்டபோது பலர் படையுடன் செல்ல மறுத்து விலகினர். அவ்வாண்டு ஸ்கூட்டாரியில் மகாராணியின் பிறந்ததின அணிவகுப்பிலே, கூடியிருந்த வாத்தியக் குழுக்கள் தத்தமக்குரிய வெவ்வேறு சுருதியிலும் அமைப்பிலும் தேசிய கீதத்தை ஒருங்கே இசைத்து, நேச நாட்டுத் தளபதிகளின் முன்னே பெரும் அவமானத்தைத் தேடிக்கொண்டன என்று மரபாகக் கூறப்படுகிறது. இக்குறையை நீக்கும் நோக்குடன் கேம்பிரிட்ஜ் கோமகனின் முயற்சியால் 1857இல் இலண்டனுக்கு அண்மையிலுள்ள நெல்லர் ஹோல் என்னும் மாளிகையில் இராணுவ இசைக் கல்லூரி நிறுவப்பட்டது. 2021ஆம் ஆண்டு வரை அது அவ்விடத்திலேயே இயங்கிற்று. வெளிநாட்டாருக்குப் பதிலாகப் படையின் அடிநிலையிலிருந்தே குழுத் தலைவர்களை உருவாக்க அது வழிசெய்தது. 1881இல் அத்தலைவர்களுக்கு வாறண்ட் அதிகாரி என்னும் தரமும் வழங்கப்பட்டது.

2. யார் இந்த வாத்தியக்காரர்?

வாத்தியத்தைச் சிறு வயதிலேயே பயில வேண்டும். விரலும் உதடும் இளமையில் பழகாவிடின் பின்னர் பழகுதல் கடினம். இத்தேவைக்கு வேண்டிய சிறுவர்களை வழங்கியது வறுமையே. இறந்த படையினரின் பிள்ளைகளை வளர்த்த செல்சி இராணுவப் புகலிடமும், டப்ளினிலிருந்த ஹைபேர்னியன் இராணுவப் பாடசாலையும் தமது மாணவரைத் தொடர்ந்து வாத்தியக் குழுக்களுக்கு அனுப்பின. வறியோர் சட்டத்தின் கீழ் இயங்கிய பாடசாலைகளும் பயிற்சிக் கப்பல்களும் சிறுவர்களுக்குப் பித்தளைக் கருவிகளைக் கற்பித்தன. கலையார்வம் இதற்குப் பிரதான காரணமன்று. இசை தெரிந்த சிறுவனைப் படை ஏற்றுக்கொள்ளும். அவனைப் பராமரிக்கும் செலவு வரி செலுத்துவோர் தலையிலிருந்து நீங்கும் என்பதே கணக்கு.

இவ்வாறு பதினான்கு வயதளவில் படையிற் சேர்ந்த சிறுவன் 'போய்', அதாவது சிறுவன், என்னும் தரத்திலேயே பதிவு செய்யப்பட்டான். சட்டம் அவனைப் பதினெட்டு வயது வரை முழுமையான போர்வீரனாகக் கொள்ளவில்லை. அவனது ஊதியம் வளர்ந்தவனின் ஊதியத்திலும் குறைந்தது. அதனினும் முக்கியமாக, பதினெட்டு வயதுக்கு முற்பட்ட சேவைக்காலம் ஓய்வூதியக் கணக்கிற் சேரவில்லை. நான்கு ஆண்டுகள் அவன் அணிவகுப்பில் நடந்தான், விருந்துகளில் இசைத்தான், கப்பலேறிக் கடல் கடந்தான். ஆயின் ஓய்வூதிய ஏட்டைப் பொறுத்தவரை அவ்வாண்டுகள் நிகழாதவையே. சிறுவர் உழைப்பைத் தொழிற்சாலையில் கட்டுப்படுத்துவதற்குச் சட்டங்கள் இயற்றப்பட்ட அதே காலப்பகுதியில், படையிலே அது இவ்வாறு பேணப்பட்டமை கவனத்துக்குரியது.

வாத்தியம் தாழ்ந்தோர்க்குரிய பணி என்ற எண்ணம் குடியேற்ற நாடுகளில் இன்னும் வெளிப்படையாகத் தொழிற்பட்டது. 1795இல் கிழக்கிந்தியக் கம்பனி பிறப்பித்த ஆணையொன்று, தாய் தந்தை இருவரும் ஐரோப்பியராக அமையாதோரைத் தனது படைச் சேவையிலிருந்து விலக்கிற்று. ஆயினும் குழலூதுவோர், முரசறைவோர், வாத்தியக் குழுவினர், குதிரை இலாடக்காரர் ஆகிய பணிகளுக்கு அவர்களை அது அனுமதித்தது. துப்பாக்கியை நம்பி ஒப்படைக்க முடியாதவனிடம் குழலை ஒப்படைக்கலாம் என்பதே இதன் பொருள்.

எனினும் இப்பாதை முற்றாக அடைபட்டிருந்தது என்று கூறுவதற்கில்லை. 1867இல் 11ஆம் படையணியில் சிறுவனாகச் சேர்ந்த ஜோன் மக்கென்சி ரோகன், நெல்லர் ஹோலிற் பயின்று குழுத் தலைவராகி, மூன்றாம் பர்மியப் போரிற் பங்குபற்றி, 1896இல் கோல்ட்ஸ்ட்ரீம் காவற் படையணியின் இசைப் பொறுப்பை ஏற்று, ஈற்றில் லெப்டினன்ட் கேணல் தரத்தை எய்தினார். 1926இல் தமது ஐம்பதாண்டு அநுபவங்களை நூலாகவும் வெளியிட்டார். ஆனால் நூல் எழுதியவரை மட்டும் வைத்து வரலாற்றை எழுதின், எழுதாத ஆயிரக்கணக்கானோரின் வாழ்வு மறைந்துவிடும். ஒரு படையணிக்குக் குழுத் தலைவர் ஒருவரே. ஏனைய இருபது பேரும் அவரின் கீழ் இருந்து, உதடு தளர்ந்ததும் விலகியவர்களே.

3. அன்றாடப் பணியும் போர்க்காலப் பணியும்

சமாதான காலத்தில் வாத்தியக் குழு படையின் பொது முகமாக விளங்கிற்று. ஞாயிறு ஆராதனை அணிவகுப்பு, பூங்காக் கச்சேரி, ஆளுநர் விருந்து ஆகியவற்றில் மக்கள் கண்டது அதனையே. ஆட்சேர்ப்பிலும் அதன் பங்கு பெரிது. வேலையற்ற இளைஞன் படையின் கொடுமையைக் காணுமுன் அதன் இசையைக் கேட்டான். நாளொன்றுக்கு ஒரு சிலிங் என்ற பெயரளவுச் சம்பளத்திலிருந்து உணவுக்கும் உடைக்கும் கழிக்கப்படும் தொகையைப் பற்றி அவ்விசை எதுவும் சொல்லவில்லை.

மரணத்திலும் வாத்தியக் குழுவுக்கு ஒரு முறைமை இருந்தது. போர்வீரனின் சவ ஊர்வலத்தில் ஹண்டலின் சோக நடையை மெதுவாக இசைத்துச் செல்வர். புதைத்துவிட்டுத் திரும்பும்போது உற்சாகமான நடையிசையை முழக்குவர். துயரத்துக்கு அளக்கப்பட்ட நேரம் அவ்வளவே. அடுத்த கணம் படை தனது இயல்பான நடைக்கு மீளவேண்டும். உணர்வையும் ஒழுங்குக்குள் அடக்கும் கருவியாக இசை எவ்வாறு பயன்பட்டது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

போர்க்களத்தில் நிலைமை மாறியது. அங்கு வாத்தியங்கள் வண்டியில் ஏற்றப்பட, வாத்தியக்காரர் காயம்பட்டோரைச் சுமப்போராயினர். துப்பாக்கி ஏந்திய வரிசைக்கும் மருத்துவரின் கூடாரத்துக்கும் இடையிலுள்ள திறந்த வெளியே அவர்களது களம். ஸ்ட்ரெச்சரின் இரு முனைகளையும் பற்றியவன் தன்னைக் காத்துக்கொள்ளக் கை ஓங்க முடியாது. விரைந்து ஓடவும் முடியாது. போரிடாதவன் என்று ஏட்டிற் குறிக்கப்பட்டவன் போரிடுவோனிலும் பாதுகாப்புக் குறைந்த நிலையில் நின்றான்.

4. இசண்டுல்வானா, 1879

24ஆம் படையணியின் முதலாம் பட்டாளம் 1870களின் நடுப்பகுதி முதல் தென்னாபிரிக்காவில் இருந்தது. 1877-78இல் கோசா மக்களுக்கெதிரான எல்லைப் போரில் அது ஈடுபட்டது. பின்னர் சூலு இராச்சியத்தின் மீதான படையெடுப்புக்கு அனுப்பப்பட்டது.

இப்படையெடுப்பின் பின்னணியை நோக்குதல் அவசியம். கிம்பர்ளிப் பிரதேசத்து வைரச் சுரங்கங்கள் திறக்கப்பட்டதன் பின் தென்னாபிரிக்காவைப் பிரித்தானிய ஆட்சியின் கீழ் ஒன்றிணைக்கும் திட்டம் வலுப்பெற்றது. சுதந்திரமான சூலு இராச்சியமும் அதன் படையும் அத்திட்டத்துக்குத் தடையாயின. 1878 டிசெம்பரில் உயர் ஆணையாளர் பார்ட்டில் பிறியர் மன்னர் செட்ஸ்வாயோவுக்கு ஏற்கமுடியாத நிபந்தனைகளை விதித்தார். படைமுறையைக் கலைக்கவேண்டும் என்பதும், மன்னரின் அனுமதிக்காகக் காத்திராது சூலு ஆடவர் வயதுவந்ததும் மணம்புரிய விடப்படவேண்டும் என்பதும் அவற்றுட் சில. மணவுரிமையை மறுத்தல் காட்டுமிராண்டித்தனம் என்றது பிரித்தானியா. அந்நிபந்தனையை நிறைவேற்றச் சென்ற பிரித்தானியப் போர்வீரனோ, தனது கட்டளை அதிகாரியின் அனுமதியின்றி மணம்புரிய முடியாதவன். நூற்றுக்குச் சிலருக்கே அவ்வனுமதி கிடைத்தது. அனுமதியின்றி மணந்தவனின் மனைவிக்குப் படைக்குடியிருப்பில் இடமில்லை. அவன் இறப்பின் எவ்வித உரிமையுமில்லை.

1879 ஜனவரி 22ஆம் நாள், செம்ஸ்போர்ட் பிரபு படையின் ஒரு பகுதியுடன் வெளியே சென்றிருந்த வேளையில், இசண்டுல்வானா மலையடிவாரத்து முகாமை ஏறத்தாழ 20,000 சூலு வீரர் தாக்கினர். மார்ட்டினி - ஹென்றித் துப்பாக்கிகள் ஏந்திய வரிசையை, பெரும்பாலும் ஈட்டியும் கேடயமும் தாங்கியோர் நண்பகலளவில் உடைத்தனர். பிரித்தானியத் தரப்பில் ஏறத்தாழ 1,300 பேர் மடிந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 470 பேர் பிரித்தானியருக்காகப் போரிட்ட ஆபிரிக்கர். 24ஆம் படையணி மட்டும் 600 பேரளவில் இழந்தது. சூலு தரப்பிலும் ஆயிரத்துக்குக் குறையாதோர் மாண்டனர் என்று மதிப்பிடப்படுகிறது.

முகாமிலிருந்த வாத்தியக் குழுவினர் அன்று காயம்பட்டோரைச் சுமந்தனர். தோட்டாக்களை வரிசைக்கு எடுத்துச் செல்லவும் உதவினர். முதலாம் பட்டாளத்தின் வாத்தியக் குழு ஏறக்குறைய முழுமையாக அங்கு அழிந்தது. அம்முகாமில் மருத்துவப் பொறுப்பில் இருந்தவர் மேஜர் தரத்து மருத்துவர் பீட்டர் ஷெப்பேட். இவர் 1878இல் வூலிச்சில் பொதுமக்களுக்கு முதலுதவி வகுப்புகளைத் தொடக்கியோருள் ஒருவர். முதலுதவி பற்றிய இவரது கைந்நூல் இவர் மறைவின் பின்னரே முழுமையாக வெளிவந்து உலகெங்கும் பரவிற்று. பின்வாங்கும் வேளையில் காயமுற்ற ஒருவரைக் கவனிக்க நின்றபோது அவர் கொல்லப்பட்டார். இன்று நமது பாடசாலைகளிலும் தொழிற்றலங்களிலும் கற்பிக்கப்படும் முதலுதவிப் பயிற்சியின் ஊற்றுக்களில் ஒன்று, வாத்தியக்காரர் ஸ்ட்ரெச்சர் சுமந்த அந்த மலையடிவாரத்தில் மடிந்த மருத்துவரின் ஏட்டில் உள்ளது.

முகாமிலிருந்த முரசுச் சிறுவர் கொடூரமாகக் கொல்லப்பட்டனர் என்ற செய்திகள் இங்கிலாந்திற் பரவிப் பெருங் கொதிப்பை ஏற்படுத்தின. அச்செய்திகளின் விவரங்கள் பலவற்றைப் பிற்கால ஆய்வாளர் ஐயத்துடனேயே நோக்கியுள்ளனர். எவ்வாறாயினும், சிறுவரைக் கொன்றோர் யார் என்று கேட்ட அப்பத்திரிகைகள், சிறுவரை அப்போர்க்களத்துக்குக் கொண்டுசென்றோர் யார் என்று கேட்கவில்லை.

1879 யூலை 4ஆம் நாள் உலுண்டியில் சூலுப் படை முறியடிக்கப்பட்டது. செட்ஸ்வாயோ சிறைபிடிக்கப்பட்டார். 1887இல் சூலு நாடு பிரித்தானிய உடைமையாக இணைக்கப்பட்டது.

5. பதக்கத்தை வாசித்தல்

இப்போர்களுக்கென 1880இல் தென்னாபிரிக்கப் பதக்கம் அங்கீகரிக்கப்பட்டது. அதன் முகப்பில் வில்லியம் வையன் செதுக்கிய மகாராணியின் தலை. மறுபக்கத்தில், லெனாட் வையன் அமைத்த சிங்கமொன்று புரோட்டியாப் புதரின் முன்னே தலைதாழ்த்தி நீரருந்துகிறது. இது முந்திய எல்லைப் போர்களுக்கென வெளியிடப்பட்ட பதக்கத்தின் வடிவமே. அதிற் கீழே 1853 என்ற ஆண்டு இருந்தது. புதிய பதக்கத்தில் ஆண்டு அகற்றப்பட்டு, சூலுக் கேடயமும் குறுக்காக வைத்த ஈட்டிகளும் பொறிக்கப்பட்டன. தோற்கடிக்கப்பட்டோருக்கு இப்பதக்கத்தில் கிடைத்த இடம், சிங்கத்தின் கால்களுக்குக் கீழுள்ள அச்சிறு பகுதியே.

நாடாவுக்கும் பதக்கத்துக்கும் இடையே பொருத்தப்பட்ட வெள்ளிப் பட்டை மேலும் நுணுகி நோக்கத்தக்கது. அக்காலத்து ஆப்கான் போர்ப் பதக்கத்தின் பட்டைகளில் காபூல், கந்தகார் என இடப்பெயர்கள் உள்ளன. தென்னாபிரிக்கப் பதக்கத்தின் பட்டைகளிலோ ஆண்டுகள் மட்டுமே உள்ளன. 1879இல் மட்டும் போரிட்டவனுக்கு அவ்வாண்டு; தொடக்கமுதல் இருந்தவனுக்கு '1877-8-9'; நேட்டாலில் நின்று எல்லையைக் கடக்காதவனுக்குப் பட்டையே இல்லை. கோசா மக்கள், சூலு மக்கள், செக்குக்குனேயின் பெடி மக்கள், பசூட்டோலாந்தின் தென்பகுதியில் மொறோசியின் கீழ் எதிர்த்து நின்றோர் ஆகிய பல்வேறு மக்களுக்கெதிரான போர்கள் இவ்வொரு பதக்கத்துள் அடங்கின. தத்தம் நிலத்துக்காகவும் கால்நடைகளுக்காகவும் தனித்தனியே போரிட்ட மக்கள் அனைவரும் ஓர் ஆண்டுத் தொடராகச் சுருக்கப்பட்டனர்.

வாத்தியக்காரனைப் பொறுத்தவரை பதக்கத்தின் மௌனம் இன்னும் ஆழமானது. அவன் பெரும்பாலும் சாதாரண போர்வீரன் என்ற தரத்திலேயே சம்பளப் பட்டியலில் இடம்பெற்றமையால், பதக்கத்தின் விளிம்பிலும் அத்தரமே பொறிக்கப்பட்டது. அவன் கிளாரினெட் இசைத்தான் என்பதையோ, காயம்பட்டோரைச் சுமந்தான் என்பதையோ அவ்விளிம்பு சொல்லாது. பெயரைக் காத்த பதக்கம் உழைப்பை மறைத்துவிட்டது.

எனவே பதக்கத்தைத் தனித்து வாசித்தல் போதாது. இலண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அக்காலப் படையினரின் விடுவிப்புப் பத்திரங்கள், சம்பளப் பட்டியல்கள், பதக்கப் பதிவேடுகள் ஆகியவை பேணப்படுகின்றன. விடுவிப்புப் பத்திரம் பிறந்த ஊரையும், சேரும்போதிருந்த வயதையும் தொழிலையும் உயரத்தையும், நன்னடத்தையையும் தண்டனைகளையும், உடலின் தழும்புகளையும் தருகின்றது. சம்பளப் பட்டியல் அவன் எந்த மாதம் எந்த நாட்டில் இருந்தான், எப்போது மருத்துவமனையிற் கிடந்தான் என்பதைக் காட்டும். பதிவேடு அவனுக்கு எப்பட்டை உரியது என்பதை உறுதிப்படுத்தும். இம்மூன்றையும் பதக்கத்தோடு ஒப்பிடும்போதுதான் ஒரு மனிதனின் வாழ்க்கை ஓரளவு துலங்கும். ஆயினும் களத்தில் இறந்தவனுக்கு ஓய்வூதியத்துக்கான விடுவிப்புப் பத்திரம் எழுதப்படுவதில்லை. பதக்கம் உறவினருக்கு அனுப்பப்பட்டது. ஆனால் சாதாரண போர்வீரனின் விதவைக்கு அரசு ஓய்வூதியம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை கிடைக்கவில்லை; தரும நிதிகளே அவளுக்குக் கதி. அரசு வெள்ளியை வழங்கிற்று, சோற்றை வழங்கவில்லை.

இன்று இப்பதக்கங்கள் ஏலத்தில் விற்கப்படுகின்றன. இசண்டுல்வானாவில் இறந்தவனின் பதக்கம் உயிர்தப்பியவனின் பதக்கத்திலும் பன்மடங்கு விலை பெறுகின்றது. வாழ்ந்தபோது நாளொன்றுக்கு ஒரு சிலிங் பெற்றவனின் மரணம் சந்தையிற் பெறுமதியுள்ள பண்டமாகிவிட்டது.

சூலு மக்களிடமும் வீரத்தைக் குறிக்கும் அணி இருந்தது. போரிற் சிறந்தோர் மரத்திற் செதுக்கிய மணிகளைக் கோத்து மார்பில் அணிந்தனர்; அதனை 'இசிக்கு' என்பர். அம்மணிகளில் எழுத்தில்லை. அவற்றை அணிந்தவனின் பெயரைப் புகழ்ப்பாடல்களும் குடும்ப நினைவுகளுமே காத்தன. எழுத்துப் பொறித்த வெள்ளியை மட்டும் சான்றாகக் கொள்ளும் வரலாற்றாசிரியன், அப்போரின் ஒரு தரப்பை மட்டுமே காண்பான்.

6. வெள்ளியும் வெண்கலமும்

ஒரே பணிக்கு ஒரே உலோகம் வழங்கப்பட்டதா என்ற வினாவையும் நாம் எழுப்புதல் வேண்டும். 1885இல் மண்டலேயைக் கைப்பற்றிய மூன்றாம் பர்மியப் போரின் படையெடுப்பில் சென்னைப் படையணிகள் பெரும் பங்கு வகித்தன. அப்போர் முதலாக, இந்தியப் பொதுச் சேவைப் பதக்கம் இரு உலோகங்களில் வழங்கப்பட்டது. போர்வீரருக்கு வெள்ளி, படையைப் பின்தொடர்ந்து சமைத்தோர், சுமந்தோர், டோலி தூக்கியோர் ஆகிய முகாம் பணியாளருக்கு வெண்கலம். பிரித்தானியப் படையணியில் காயம்பட்டோரைச் சுமந்த வாத்தியக்காரன் வெள்ளி பெற, அதே பணியைச் செய்த இந்திய டோலிக்காரன் வெண்கலம் பெற்றான்.

விக்டோரியா ஆட்சியின் இறுதிப் போரில், அதே நேட்டால் மண்ணில், இக்கதை நமது மக்களையும் தொட்டது. 1860 முதல் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டோரிற் பெரும்பாலோர் சென்னை மாகாணத்துத் தமிழரும் தெலுங்கருமாவர். 1899இல் போயர் போர் மூண்டபோது, மோகன்தாஸ் காந்தியின் முயற்சியால் அமைந்த இந்திய அம்புலன்ஸ் படையில் ஏறத்தாழ 1,100 பேர் சேர்ந்தனர். அவர்களுள் ஏறக்குறைய 800 பேர் ஒப்பந்தக் கூலிகள். கொலென்சோவிலும் ஸ்பியன் கொப்பிலும் அவர்கள் காயம்பட்டோரை நாளொன்றுக்கு இருபது மைலுக்கு மேலும் சுமந்தனர். போர் முடிந்ததும் பதக்கம் வழங்கப்பட்டது தலைவர்களுக்கே என்று காந்தி தமது சுயசரிதையிற் பதிவு செய்துள்ளார். தோள் கொடுத்த கூலிகளுக்கு வெண்கலம்தானும் இல்லை.

1906இல் சூலு மக்கள் வரிச்சுமைக்கெதிராகக் கிளர்ந்தபோதும் காந்தி சிறியதொரு ஸ்ட்ரெச்சர் குழுவுடன் சென்றார். வெள்ளையர் கவனிக்க மறுத்த சூலு மக்களின் சவுக்கடிப் புண்களுக்கு மருந்திடுவதே அக்குழுவின் பிரதான பணியாயிற்று. அப்பணிக்குக் கிடைத்த பதக்கத்தையும், போயர் போர்ப் பதக்கத்தையும், கைசரி ஹிந்து பதக்கத்தையும் அவர் 1920இல் ஒத்துழையாமை இயக்கத்தைத் தொடங்கும்போது அரசுக்கே திருப்பி அனுப்பினார். பதக்கம் பெறுவோனை வழங்குவோனுடன் பிணைக்கும் ஓர் உறவு என்பதை இச்செயல் தெளிவுபடுத்திற்று. திருப்பிக் கொடுக்கப் பதக்கமே இல்லாத எண்ணூறு பேர், அவ்வுறவுக்கு வெளியே முன்னரே நிறுத்தப்பட்டிருந்தனர்.

முடிவுரை

விக்டோரியா காலப் போர்ப் பதக்கம் ஒருபுறம் சனநாயகத் தன்மை வாய்ந்தது. கீழ்மட்டப் போர்வீரனின் பெயரையும் அது அழியா உலோகத்திற் பொறித்தது. மறுபுறம் அது ஒரு தெரிவு. யாருடைய சேவை எண்ணப்படும், எந்த ஆண்டு எண்ணப்படும், எவ்வுலோகத்தில் எண்ணப்படும் என்பவற்றை ஆட்சியாளரே தீர்மானித்தனர். வறுமையாற் படைக்குட் தள்ளப்பட்ட வாத்தியச் சிறுவனும், அப்படையால் நாடிழந்த சூலு வீரனும், அதே மண்ணில் ஒப்பந்தத்தால் கட்டுண்ட தமிழ்க் கூலியும் ஒரே பேரரசின் பொருளாதாரத் தேவைகளால் ஒரு நிலத்துக்குக் கொணரப்பட்டோர், அல்லது அந்நிலத்திலேயே அடக்கப்பட்டோர். அவர்களை எதிரெதிரே நிறுத்திய சக்தியே, அவர்களுள் யாருக்கு வெள்ளி, யாருக்கு வெண்கலம், யாருக்கு ஒன்றுமில்லை என்பதையும் வகுத்தது.

ஆகவே அருங்காட்சியகக் கண்ணாடிப் பேழையில் இத்தகைய பதக்கமொன்றைக் காணும்போது, முகப்பிலுள்ள மகாராணியின் தலையுடன் நாம் நின்றுவிடலாகாது. விளிம்பிலுள்ள பெயரைப் படித்து, அப்பெயருக்குரியவன் பதினான்கு வயதில் எங்கிருந்து வந்தான், எதனை இசைத்தான், யாரைச் சுமந்தான் என்று ஆவணங்களிற் தேடுதல் வேண்டும். அவனுக்கு எதிரே நின்றவனின் பெயரையும், அவன் பின்னே சுமை தூக்கி நடந்தவனின் பெயரையும் தேடுவது அதனினும் கடினமான பணி. மக்களின் வரலாற்றை எழுத முனைவோர் அப்பணியைத் தட்டிக்கழிக்க இயலாது.